ஒரு தீபச் சீட்டுக்கு எத்தனை மொழிகள்?

கார்த்திகை தீபத்தன்று விடியற்காலை நான்கு மணிக்குப் பரணி தீபம். மாலை ஆறு மணிக்கு மலையுச்சியில் மகா தீபம். இரண்டையும் திருவண்ணாமலை அண்ணாமலையார் கோயிலுக்குள் நின்று தரிசிக்க ஆசைப்படுகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். உள்ளே இருக்கும் இடமோ அளவானது. அதில் ஒரு சிறு பங்கை அண்மை ஆண்டுகளில் கட்டணச் சீட்டாக இணையத்திலேயே கொடுக்கிறார்கள். குறித்த நாளில் குறித்த நேரத்துக்குத் தளம் திறந்ததும் சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று எங்கெங்கோ இருப்பவர்கள் ஒரே சமயத்தில் அந்த ஒரே பொத்தானைத் தொடுகிறார்கள். பெயர், ஆதார் எண், கைபேசிக்கு வரும் ஓடிபி, பணம், கடைசியில் சீட்டு. நல்லபடியாக நடந்தால் ஐந்து நிமிட வேலை.

அந்த ஐந்து நிமிடத்துக்குள் குறைந்தது ஐந்து கணினி மொழிகள் கை மாறி வேலை செய்கின்றன. அருணை பொறியியல் கல்லூரியிலும் எஸ்.கே.பி. கல்லூரியிலும் அரசு கலைக் கல்லூரியிலும் படிக்கும் பிள்ளைகள் ஓயாமல் கேட்கும் கேள்விக்கு விடை அதற்குள்ளேயே இருக்கிறது. “வெப் டெவலப்மென்ட்டுக்கு எந்த லாங்வேஜ் சார் படிக்கிறது?” சீனியர் பைத்தான் என்பார். சென்னையில் வேலை செய்யும் மாமா பையன் ஜாவா என்பான். யூடியூபில் ஒருவர் இரண்டும் பழசு, இன்னொன்றைப் படி என்பார். மூவரும் அவரவர் நின்ற இடத்திலிருந்து சரியாகத்தான் சொல்கிறார்கள். எந்த மொழி நல்ல மொழி என்று கேட்டால் இந்தக் குழப்பம் தீராது. எழுதப்போகும் நிரல் யாருடைய கணினியில் ஓடப்போகிறது என்று கேட்டால் பாதிக்கு மேல் தானாகத் தெளிந்துவிடும்.

முதலில் பக்தரின் கையில் இருக்கும் போன். அதை நாம் வாங்கிக் கொடுக்கவில்லை. அதில் எந்த மென்பொருளை நிறுவுவது என்று சொல்லவும் நமக்கு உரிமை இல்லை. அங்கே நமக்காகக் காத்திருப்பது ஒரு பிரவுசர் மட்டுமே. குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தெரிந்தவை மூன்றுதான்: பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் எச்டிஎம்எல், அது எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் சிஎஸ்எஸ், தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்று சொல்லும் ஜாவாஸ்கிரிப்ட். வெப்அசெம்ப்ளி என்று நான்காவது ஒன்றும் 2019 டிசம்பரில் தர நிர்ணயம் பெற்றது. ரஸ்ட், சி++ போன்றவற்றில் எழுதியதை அதன் வழியாகப் பிரவுசருக்குள் ஓட்டலாம். ஆனால் பக்கத்தில் ஒரு எழுத்தை மாற்ற அதற்கும் ஜாவாஸ்கிரிப்டின் துணை வேண்டும். ஆகவே போனுக்குள் ஓடும் பகுதியைப் பொறுத்தவரை தேர்வு என்ற பேச்சே இல்லை. மூன்றையும் படித்தாக வேண்டும்.

எச்டிஎம்எல் அவ்வளவு பெரிய மொழியா என்று கேட்கிறவர்கள் உண்டு. இரண்டு நாளில் முடித்துவிட்டேன் என்று சொல்லும் மாணவர்கள் நிறைய. ஸ்விட்சர்லாந்தின் சேர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ 1989-இல் வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1991-இல் வெளியான எச்டிஎம்எல்லின் முதல் பட்டியலில் இருபதுக்கும் குறைவான குறிகளே இருந்தன. அன்று உருவான உலகின் முதல் வலைப்பக்கத்தைத் தேரடி வீதியில் நின்றுகொண்டு இன்றைய போனில் திறந்தாலும் ஒரு எழுத்து பிசகாமல் தெரிகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பழைய ஆவணம் புதிய கருவியில் இப்படித் திறப்பது கணினி உலகில் அரிது. படித்தது வீண்போகாத மொழி எது என்று கேட்டால் நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான்.

இரண்டு நாளில் முடிவதும் இல்லை. ஆதார் எண் கேட்கும் பெட்டியைத் தொட்டதும் எண் விசைப்பலகை மட்டும் மேலே வர வேண்டும். எச்டிஎம்எல்லில் ஒரு சொல் சேர்த்தால் போதும். குறுஞ்செய்தியில் வந்த ஓடிபியைப் போனே எடுத்துத் தரவும் அதேபோல ஒரு சொல் இருக்கிறது. இவை தெரியாதவர்கள் இதற்கு நூறு வரி ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறார்கள். பார்வையற்ற ஒருவர் திரை வாசிப்பானின் துணையோடு சீட்டு எடுக்க முயல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தின் தலையில் இது தமிழ்ப் பக்கம் என்று குறித்திருந்தால்தான் வாசிப்பான் தமிழ்க் குரலை எடுக்கும். பொத்தானை உண்மையான பொத்தான் குறியால் எழுதியிருந்தால்தான் இது பொத்தான் என்று அவருக்குச் சொல்லும். வெறும் பெட்டிக்கு வண்ணம் பூசிப் பொத்தான்போல் காட்டியிருந்தால் கண் உள்ளவர்களுக்கு வேறுபாடு தெரியாது. அவருக்கோ கதவு மூடிவிட்டது.

சிஎஸ்எஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஹோகன் வியம் லீ 1994 அக்டோபரில் முன்மொழிந்து, 1996 டிசம்பரில் முதல் தரம் வந்தது. இன்று ஒரே பக்கத்தைச் சிறிய போனுக்கும் பெரிய திரைக்கும் பொருந்தச் செய்வது இதன் வேலை. பொறுமை உள்ளவர்களுக்கு வசப்படும்.

ஜாவாஸ்கிரிப்டின் கதை வேறு. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 1995 மே மாதம் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தை எழுதினார். அவசரத்தின் தழும்புகள் இன்னும் அதில் இருக்கின்றன. ‘5’ என்ற எழுத்தோடு 1 என்ற எண்ணைக் கூட்டச் சொன்னால் 51 என்று ஒட்டித் தரும். அதே ‘5’இலிருந்து 1-ஐக் கழிக்கச் சொன்னால் 4 என்று கணக்குப் போடும். இதைத் திருத்திவிடலாமே என்று தோன்றும். திருத்த முடியாது. இந்த விசித்திரத்தை நம்பி எழுதிய பழைய பக்கங்கள் உலகெங்கும் கோடிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2018-இல் வரிசைகளைத் தட்டையாக்கும் ஒரு புது வசதிக்கு ‘ஃபிளாட்டன்’ என்று பெயர் வைக்கப் போனார்கள். மூடூல்ஸ் என்ற பழைய நிரல்தொகுப்பு அதே பெயரை முன்பே எடுத்துக்கொண்டிருந்தது. பெயரைச் சூட்டினால் அந்தத் தொகுப்பை நம்பியிருந்த பழைய தளங்கள் உடையும். ஆகவே ‘ஃபிளாட்’ என்று சுருக்கிவிட்டார்கள். வலையில் இருப்பதை உடைக்கக் கூடாது என்ற இந்தப் பிடிவாதம்தான் முதல் வலைப்பக்கத்தை இன்றும் திறக்க வைக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் கோணல்களையும் அதுவே காப்பாற்றுகிறது. நல்லதும் கெட்டதும் ஒரே வேரிலிருந்து வருகின்றன.

இந்த ஊருக்கே உரிய ஒரு காரணத்துக்காக ஜாவாஸ்கிரிப்டை அளவாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்வேன். பௌர்ணமி இரவில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுதும் மக்கள். போனில் சிக்னல் கோடு முழுதாகத் தெரியும், நெட் மட்டும் நகராது. ஒரே கோபுரத்தின் அலைவரிசையை ஆயிரக்கணக்கானோர் பங்கு போட்டுக்கொள்ளும்போது இதுதான் நடக்கும். அந்த நேரத்தில் ஒரு குடும்பம் தங்க அறை தேடி ஒரு விடுதியின் தளத்தைத் திறக்கிறது. எச்டிஎம்எல்லாக வரும் பக்கம் வந்த வரைக்கும் திரையில் தெரியத் தொடங்கும்: பெயர், வாடகை, போன் எண். எல்லாவற்றையும் ஜாவாஸ்கிரிப்டே வரையும்படி எழுதியிருந்தால் அந்தக் கோப்பு முழுதும் வந்து சேரும்வரை வெள்ளைத் திரைதான். வந்த பிறகும் தாமதம் முடிவதில்லை. ஒரே அளவுள்ள படமும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பும் போனுக்குச் சமமான சுமை அல்ல. படத்தை விரித்துத் திரையில் போட்டால் வேலை முடிந்தது. நிரலையோ படித்து, அலசி, இயந்திர மொழிக்கு மாற்றி, பிறகு இயக்க வேண்டும். விலை குறைந்த போனில் இதற்குச் சில விநாடிகள் பிடிக்கும். அதுவரை தொட்டால் அசையாது. பத்து அறைகள் கொண்ட ஒரு விடுதிக்கு ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பு தேவையில்லை. ரியாக்ட் சிக்கலான திரைகளுக்கான நல்ல கருவிதான், ஆனால் அடிப்படை மூன்றையும் தாண்டி நேரே அதில் குதிக்கும் பாடத்திட்டங்களை நான் ஏற்கமாட்டேன்.

இனி போனை விட்டுவிட்டுப் பயணத்தின் மறுமுனைக்குப் போவோம். எத்தனை சீட்டு, யார் யாருக்குக் கொடுத்தது, இன்னும் எத்தனை மீதி என்ற கணக்கு இருக்கும் டேட்டாபேஸ். இங்கேதான் இந்த முழு விவகாரத்தின் உயிர் இருக்கிறது. வகுப்புகளில் மிகக் குறைவாகச் சொல்லித்தரப்படுவதும் இதுவே.

ஒரே ஒரு சீட்டு மீதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போளூரிலிருந்து ஓர் அம்மாவும் மலேசியாவிலிருந்து ஒரு பெரியவரும் ஒரே விநாடியில் பொத்தானைத் தொடுகிறார்கள். அம்மாவுக்காக ஓடும் நிரல் மீதி எவ்வளவு என்று கேட்கிறது. ஒன்று என்று விடை வருகிறது. அது அடுத்த அடி வைப்பதற்குள் பெரியவருக்காக ஓடும் நிரலும் கேட்கிறது. அதற்கும் ஒன்று என்றே விடை. இரண்டும் சரி, இருக்கிறது என்று முடிவு செய்து, ஒன்றைக் கழித்துப் பூஜ்யம் என்று எழுதிவிட்டு, ஆளுக்கொரு சீட்டைக் கொடுத்துவிடுகின்றன. இருந்தது ஒன்று, கொடுத்தது இரண்டு. நிரலில் எழுத்துப்பிழை இல்லை. தனியாக உட்கார்ந்து எத்தனை முறை சோதித்தாலும் சரியாகவே ஓடும். கூட்டம் வந்தால் மட்டும் தலைகாட்டும் பிழை இது. பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே இருக்கும் அந்த மிகச் சிறிய இடைவெளியில் அது ஒளிந்திருக்கிறது.

இதற்கு மருந்து எஸ்க்யூஎல் மொழியில் இருக்கிறது. முதலில் படித்து, பிறகு எழுதி என்று இரண்டு படியாகச் செய்யாமல், ‘மீதி பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் மட்டும் அதில் ஒன்றைக் கழி’ என்று ஒரே கட்டளையாகக் கொடுத்துவிட வேண்டும். டேட்டாபேஸ் அந்த வரியை முதலில் வந்தவருக்காகப் பூட்டிவிடும். இரண்டாவது ஆள் பூட்டு திறக்கும்வரை காத்திருப்பார். திறந்ததும் நிபந்தனை மறுபடி சரிபார்க்கப்படும். இப்போது மீதி பூஜ்யம், ஆகவே எந்த வரியும் மாறவில்லை என்று திரும்பி வரும். நிரல் அவரிடம் சீட்டு தீர்ந்துவிட்டது என்று நேர்மையாகச் சொல்லிவிடலாம். பணம் வந்ததைக் குறிப்பது, சீட்டு எண் பதிவது, மீதி குறைப்பது என்று பல படிகள் இருந்தால் அவற்றை ஒரே பரிவர்த்தனையாகக் கட்டலாம். எல்லாம் நடக்கும், அல்லது எதுவுமே நடக்காது. பாதியில் மின்சாரம் போனாலும் பாதிக் கணக்கு நிற்காது.

ஐபிஎம் நிறுவனத்தில் எட்கர் காட் 1970-இல் தரவுகளை அட்டவணைகளாக வைக்கும் கோட்பாட்டை வெளியிட்டார். டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-இல் அதற்கான கேள்வி மொழியை வடிவமைத்தார்கள். அதுவே எஸ்க்யூஎல் ஆனது. காட் 1981-இல் கணினித் துறையின் உயரிய டூரிங் விருதைப் பெற்றார். பரிவர்த்தனைகள் குறித்த ஆய்வுக்காக ஜிம் கிரே 1998-இல் அதே விருதைப் பெற்றார். வங்கியில் பணம் மாற்றுவதும் ரயிலில் இடம் பிடிப்பதும் தீபச் சீட்டு எடுப்பதும் இவர்கள் போட்ட அடித்தளத்தின் மீதுதான் நிற்கின்றன. ஐம்பது வயது ஆன இந்த மொழியை வெளியே தள்ளிவிட்டு இடம்பிடிக்கப் பலர் முயன்றார்கள். கொஞ்சம் ஒதுங்கி இடம் கொடுத்திருக்கிறதே தவிர அது போகவில்லை. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டும் இலவசம். எதில் படித்தாலும் மற்றதற்கு ஒரு வாரத்தில் மாறிக்கொள்ளலாம்.

ஆக ஒரு முனையில் மூன்று மொழிகள், மறுமுனையில் ஒன்று. நான்கிலும் நமக்குப் பெரிதாகத் தேர்வு இல்லை. நடுவில் இருக்கும் சர்வரில் மட்டும்தான் எந்த மொழி என்ற கேள்விக்கே இடம். ஏனென்றால் அந்தக் கணினி நம்முடையது. அங்கே எதை வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளலாம். பிரவுசருக்குப் போய்ச் சேர்பவை முன்பு சொன்ன அந்த மூன்று மட்டுமே. பிரசாதம் வாங்குகிறவருக்கு மடப்பள்ளியில் எரிந்தது விறகா எரிவாயுவா என்று தெரியாததைப்போல, பக்கத்தைப் பார்க்கிறவருக்குப் பின்னால் ஓடியது எந்த மொழி என்று தெரியாது.

அதனால்தான் உலகின் பெரிய தளங்கள் ஆளுக்கொரு மொழியில் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன. தமிழ் விக்கிப்பீடியா உட்பட எல்லா விக்கிப்பீடியாக்களும் பிஎச்பியில் எழுதிய மீடியாவிக்கியில் ஓடுகின்றன. வலைத்தளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் நடத்தும் வேர்ட்பிரஸும் பிஎச்பிதான். ஸ்ரீதர் வேம்புவும் நண்பர்களும் 1996-இல் தொடங்கி, பின்னாளில் ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம் பெரும்பாலும் ஜாவாவை நம்பி வளர்ந்தது. சென்னையில் 2010-இல் தொடங்கி 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலான ஃபிரஷ்வொர்க்ஸ், ரூபி ஆன் ரெயில்ஸ் கொண்டு தன் முதல் பொருளைக் கட்டியது. இன்ஸ்டாகிராம் பைத்தானில் எழுந்தது. மொழிதான் வெற்றிக்குக் காரணம் என்றால் இவற்றில் ஒன்றுதான் பிழைத்திருக்க வேண்டும்.

வேகத்தைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பைத்தான் மெதுவான மொழி, கோ மொழி பல மடங்கு வேகம் என்பார்கள். கணக்குப் போடுவதில் அது உண்மை. ஆனால் சீட்டு எடுக்கும் நிரல் தன் நேரத்தின் பெரும்பகுதியைக் கணக்குப் போடுவதில் செலவழிப்பதில்லை, காத்திருப்பதில் செலவழிக்கிறது. டேட்டாபேஸ் விடை தரச் சில மில்லிவிநாடிகள். வங்கி சரி என்று சொல்லச் சில விநாடிகள். இதற்கு நடுவே மொழியின் வேகத்தால் மிச்சமாவது மிகச் சிறிது. உண்மையில் தொந்தரவு தருவது வேறு: ஆயிரக்கணக்கான இணைப்புகள் ஒரே சமயத்தில் திறந்தபடி காத்திருப்பது. ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம் ஒதுக்கினால் சர்வர் மூச்சுத் திணறும். இதற்கு விடையாகத்தான் 2009-இல் ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டும், ரயன் டால் உருவாக்கிய நோட் ஜேஎஸ் வந்தது. காத்திருக்கும் நேரத்தில் ஒரே இழை (த்ரெட்) அடுத்தவர் வேலையைப் பார்க்கும். அதே ஆண்டு கூகுள் அறிவித்த கோ மொழி, மிக இலேசான பல இழைகளைக் கொண்டு அதே சிக்கலைத் தீர்த்தது. பின்னர் மற்ற மொழிகளும் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டன. தொடங்கும் மாணவர் இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் ஒரு சோதனையைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்போகும் மொழியிடம் ‘திருவண்ணாமலை’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேளுங்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஏழு எழுத்து என்று சொல்லும். பைத்தான் பன்னிரண்டு என்கிறது. ஜாவாஸ்கிரிப்டும் ஜாவாவும் அதையே சொல்கின்றன. பிஎச்பியின் வழக்கமான நீளச் சார்பைக் கேட்டால் முப்பத்தாறு என்கிறது. கோவும் அப்படியே.

யாரும் பொய் சொல்லவில்லை, எண்ணும் பொருள்தான் வேறு வேறு. யூனிகோடில் ‘தி’ என்பது தகரமும் இகர மேல்விலங்கும் சேர்ந்த இரண்டு குறிகள். ‘ண்’ என்பது ணகரமும் புள்ளியும். அப்படிக் குறிகளை எண்ணினால் பன்னிரண்டு. அந்தக் குறிகளை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் ஆகின்றன. பன்னிரண்டு மூன்று முப்பத்தாறு. ஆங்கில எழுத்துக்கு ஒரே பைட் என்பதால் ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவர்களுக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது. ஊர்ப் பெயர் பெட்டிக்கு முப்பது என்று எல்லை வைத்து, அதைப் பைட் கணக்கில் சரிபார்த்தால் நம் ஊர் அதில் நுழையாது. ஆரக்கிள் டேட்டாபேஸ் இயல்பாகவே பைட் கணக்கில்தான் நீளம் பார்க்கும். முப்பதாவது பைட்டில் வெட்டினால் பத்துக் குறிகள் மிஞ்சி ‘திருவண்ணாம’ என்று ஊர் பாதியாகும். இன்னும் ஒரு பைட் தள்ளி வெட்டினால் எழுத்தே சிதைந்து கறுப்புச் சாய்சதுரத்தில் கேள்விக்குறியாக நிற்கும்.

அகர வரிசையும் இப்படித்தான். யூனிகோடில் ற, ள, ழ ஆகியவை வகரத்துக்கு முன்பே வந்துவிடுகின்றன. னகரம் நகரத்தை ஒட்டி நிற்கிறது. குறி எண்ணை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் பள்ளியில் நாம் படித்த ‘ய ர ல வ ழ ள ற ன’ வராது. பக்தர் பட்டியலில் பெயரைத் தேடுகிற ஊழியர் தடுமாறுவார். எல்லா முதன்மை மொழிகளிலும் இதற்குச் சரியான வழி இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் தமிழ் முறைப்படி எழுத்தைப் பிரிக்கவும் வரிசைப்படுத்தவும் உள்ளேயே வசதி உண்டு. பிஎச்பியில் பைட், குறி, எழுத்து மூன்றையும் எண்ணத் தனித்தனிச் சார்புகள் உண்டு. பைத்தானுக்கு முத்து அண்ணாமலையும் தோழர்களும் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் தொகுப்பு இருக்கிறது. அதனிடம் கேட்டால் ஏழு என்று குழந்தையைப்போலவே சொல்லும். தமிழிலேயே நிரல் எழுதும் ‘எழில்’ மொழியும் இவர் ஆக்கியதுதான். அதில் திரையில் எழுதும் கட்டளை ‘பதிப்பி’. வேலைக்கு எழில் போதாது, ஆனால் நிரலின் தர்க்கம் ஆங்கிலத்துக்குள் பூட்டிக் கிடக்கவில்லை என்று ஒரு பள்ளி மாணவிக்குக் காட்ட அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதென்றால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். உலகத்துக்கே உரியது என்பதால் மொழிகளின் தலைவிதியையே மாற்றியிருக்கிறது. பைத்தான் 2008-இல் வெளியிட்ட மூன்றாம் பதிப்பில் எல்லா உரையையும் யூனிகோட் ஆக்கியது. பழைய நிரல்கள் உடைந்தன, பலர் சண்டை போட்டார்கள். இரண்டாம் பதிப்புக்கு விடைகொடுக்க 2020 ஆகிவிட்டது. ஆனாலும் செய்து முடித்தார்கள். பிஎச்பிக்காரர்களும் ஆறாம் பதிப்பில் அதையே செய்ய முயன்று, வேலை கட்டுக்குள் வராமல் 2010-இல் கைவிட்டார்கள். ஆறு என்ற எண்ணையே தாண்டி 2015-இல் ஏழாம் பதிப்புக்குப் போய்விட்டார்கள். தமிழ் உரையோடு அதிகம் புழங்கப்போகிறவர் பைத்தானைத் தேர்ந்தெடுத்தால் அதற்கு இது ஒரு நியாயமான காரணம். பிஎச்பியைத் தேர்ந்தெடுத்தால் எந்தச் சார்பை அழைக்கிறோம் என்று விழிப்பாக இருந்தால் போதும்.

மற்றபடி சர்வர் மொழியைத் தேர்வதற்கு நான் சொல்லும் அளவுகோல் மிக எளியது. மாட்டிக்கொண்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? செங்கத்தில் இருக்கும் உங்கள் அக்கா ஜாவாவில் வேலை செய்கிறாரா, ஜாவா படியுங்கள். கல்லூரியில் பைத்தான் நன்றாகச் சொல்லித்தரும் ஓர் ஆசிரியர் இருக்கிறாரா, அதைப் படியுங்கள். ஊரில் விடுதிகளுக்கும் கடைகளுக்கும் தளம் செய்து கொடுத்துச் சம்பாதிக்க எண்ணமா, அவற்றில் பெரும்பாலானவை வேர்ட்பிரஸில் இருக்கும், ஆகவே பிஎச்பி. கேட்க யாருமே இல்லை, இன்னொரு மொழி படிக்க நேரமும் இல்லை என்றால் நோட் ஜேஎஸ். பிரவுசருக்காக எப்படியும் ஜாவாஸ்கிரிப்ட் படிக்கத்தான் போகிறீர்கள், அதையே சர்வரிலும் ஓட்டிக்கொள்ளலாம். எதை எடுத்தாலும் ஓர் ஆண்டு அதை விடாதீர்கள். ஐந்து மொழியில் முதல் பாடத்தை முடித்தவரைவிட, ஒரே மொழியில் ஒரு சிறு சீட்டு முன்பதிவுத் தளத்தைக் கடைசிவரை கட்டி முடித்தவர் எந்த நேர்காணலிலும் நிற்பார். ஜாவாஸ்கிரிப்டில் கை பழகிய பிறகு மைக்ரோசாஃப்ட் 2012-இல் வெளியிட்ட டைப்ஸ்கிரிப்டுக்குப் போவது இயல்பான அடுத்த அடி. மாறியின் வகையை முன்பே சொல்லிவைப்பதால் மேலே பார்த்த ‘5’ கணக்குப்போன்ற கோணல்களில் பலவற்றை அது எழுதும்போதே பிடித்துவிடும்.

ஒரு நிறுவனத்தின் கையில் மட்டும் இருக்கும் தொழில்நுட்பத்தை முதல் மொழியாக எடுக்காதீர்கள் என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 2000-களில் தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் எத்தனையோ இளைஞர்கள் பணம் கட்டி ஃபிளாஷ் படித்தார்கள். பிரவுசருக்குள் கூடுதலாக நிறுவ வேண்டிய அந்த மென்பொருளை அடோபி 2020 டிசம்பர் 31 அன்று நிறுத்திவிட்டது. படித்தது அத்தோடு போயிற்று. கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ் அடுத்த ஆண்டு அதே நாளில் ஆதரவு இழந்தது. அதைப் படித்தவர்களில் அடியில் இருந்த ஜாவாஸ்கிரிப்டையும் சேர்த்துப் படித்தவர்கள் அடுத்த கருவிக்கு மாறிக்கொண்டார்கள். கருவியை மட்டும் படித்தவர்கள்தான் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

இப்போது ஏஐ நிரல் எழுதுகிறதே, இதெல்லாம் எதற்கு என்று பெற்றோரே கேட்கிறார்கள். எழுதுகிறது, நன்றாகவும் எழுதுகிறது. கடைசிச் சீட்டை இரண்டு பேருக்குக் கொடுக்கும் நிரலையும் அதே தன்னம்பிக்கையோடு எழுதித் தரும். தனியாகச் சோதித்தால் அது சரியாகவே ஓடும் என்று முன்பே பார்த்தோம். தவறு எங்கே ஒளிந்திருக்கிறது என்று படித்துக் கண்டுபிடிக்க ஒரு மனிதர் வேண்டும். அவருக்கு எஸ்க்யூஎல் தெரிந்திருக்க வேண்டும்.

பாடத்துக்குக் காசு செலவழிக்கும் முன் இலவசமாகக் கிடைப்பதைத் தீர்த்துவிடுங்கள். கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதிவருகிறது. து. நித்யாவின் ‘எளிய தமிழில்’ வரிசையில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், மைஎஸ்க்யூஎல் மூன்றுக்கும் தனித்தனி நூல்கள் உண்டு. மின்னூலாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம், யாருக்கும் பணம் தர வேண்டாம். ஒரு பழைய கணினி, ஒரு பிரவுசர், ஒரு நோட்பேட் இருந்தால் போதும். பேருந்து நிலையத்துக்கு அருகில் ஃபுல் ஸ்டாக் என்று பலகை வைத்திருக்கும் வகுப்பில் சேர்வதென்றால் உள்ளே போய் இரண்டே கேள்வி கேளுங்கள்: எஸ்க்யூஎல் பரிவர்த்தனை சொல்லித்தருவீர்களா? ரியாக்டுக்கு முன்னால் எச்டிஎம்எல்லுக்கு எத்தனை வாரம் கொடுப்பீர்கள்? விடை திருப்தியாக இல்லையென்றால் பணம் கட்டாதீர்கள்.